கால் தெரியட்டும்

கிருபா எங்கே இருக்கிறான் என்று தவமலருக்குத் தெரியும். தவமலர் எங்கே இருக்கிறாள் என்று கிருபாவுக்குத் தெரியாது. மேப்பிள் மரத்தில் முதுகைச் சாய்த்து, துப்பாக்கியை முழங்காலில் தாங்கி, கையுறையை இழுத்துவிட்டுக்கொண்ட பிறகுதான் அவளுக்கு இது உறைத்தது. வேலியோரம் காரை விட்டுப் பிரிந்தபோது "நான் பீச் மரத்தடியில" என்று சொல்லியிருந்தாள், ஆறு வருடமாகச் சொல்வதுபோல. அவன் மேற்கே, போன வருடத்துச் சோளத் தட்டைகள் நிற்கிற வயல் ஓரம். அவள் கிழக்கே, ஓடைக்குப் பக்கத்துப் பீச் மரம். நடுவில் ஒரு மேடு. அக்காவுக்கும் தம்பிக்கும் உள்ள ஏற்பாடு அதுதான், அந்த மேடு இருக்கும்வரை ஒருவர் குண்டு ஒருவரைத் தேடி வராது. ஆனால் பீச் மரம் விழுந்து கிடந்தது. பனிக்காலத்தில் எப்போதோ விழுந்திருக்கிறது, வேர் மண்ணோடு எழும்பி ஆள் உயரத்துக்குக் கறுப்பாக நின்றது, அவள் கைவிளக்கை அடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள், செத்த வீட்டுக்குப் பிந்திப் போனவள் மாதிரி. பிறகு கால் தன்பாட்டில் மேட்டைச் சுற்றி நடந்து, வயலின் மூலையில் இந்த மேப்பிளைக் கண்டு உட்கார்ந்துவிட்டது. கிருபாவின் பக்கம். போய்ச் சொல்லிவிட்டு வரலாம். பதினைந்து நிமிடம்தான். ஆனால் கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிட்டது, மரக்கிளையில் உறங்கும் வான்கோழிகளுக்குக் கீழால் இப்போது நடந்தால் எல்லாம் கலைந்துபோகும். தொலைபேசி காரில். காட்டுக்குள் தொலைபேசி கொண்டுவரக் கூடாது என்பது யாருடைய சட்டம்? அவளுடைய சட்டம்தான். நல்ல சட்டம். இப்போது அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய. அதோடு, உண்மையைச் சொன்னால், அவனிடம் போய் நிற்க அவளுக்கு மனமில்லை. கோபமா என்றால் கோபமில்லை என்றுதான் சொல்வாள். கோபமில்லாதவள் எதற்காகக் கார்க் கதவை அப்படி அடித்தாள் என்று கேட்க அங்கே ஆளில்லை.

அந்த விசிறிதான் காரணம். வரும் வழியில், பெருந்தெரு முடிந்து மண் தெரு தொடங்கும் இடத்தில், கிருபா பின் இருக்கையிலிருந்து ஒரு பையை எடுத்துக் காட்டினான். உள்ளே வான்கோழியின் வால் இறகுகள், அசல் இறகுகள், ஒரு கைப்பிடியில் வட்டமாக விரியும்படி கட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் தவழ்ந்து போனால், சேவல் தன் இடத்துக்கு இன்னொரு சேவல் வந்துவிட்டதென்று வெறியோடு ஓடிவருமாம். பத்து அடிக்குக் கிட்ட வந்து நிற்குமாம். "வீடியோவில பாத்தனான் அக்கா, நம்ப மாட்டியள், ஒருத்தன் கையாலேயே பிடிச்சிட்டான்." அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "அதைக் காரிலேயே வை," என்றாள். "ஏன்?" "காட்டுக்குள்ள துவக்கோட எத்தினை பேர் இருப்பாங்கள்? எல்லாரும் அந்த வாலைத்தானே தேடுறாங்கள்? நீ அதைத் தூக்கி முகத்துக்கு முன்னால பிடிச்சுக்கொண்டு போவியோ?" "இது மக்கெய் கிழவன்ர காணி. நாங்கள் ரெண்டு பேர்தானே." "சட்டம் எண்டா சட்டம்தான். அதோட அது பொய்." அங்கேதான் அவன் பிடித்துக்கொண்டான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இந்தக் கெட்டித்தனம் உண்டு, நூலில் தொங்கும் ஒரு சொல்லைப் பிடித்து இழுத்துவிடுவான். "அப்ப பெட்டை மாதிரிக் கூப்பிடுற உங்கட சிரட்டை? சிரட்டையால பொய் சொன்னாப் புண்ணியம், வாலால சொன்னாப் பாவமோ?" நாற்பது நிமிடம் கழிந்துவிட்டது. இப்போது மேப்பிளின் கீழ் உட்கார்ந்து அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறாள், அவன்தான் பக்கத்தில் இல்லை. கடைசியில் "சரி அக்கா, சரி, வைக்கிறன்" என்றான். வைத்தானா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்து நெற்றிப் பொட்டை உரித்துக் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தாள். காட்டுக்குள் சிவப்புக் கூடாது, வெள்ளை கூடாது, நீலம் கூடாது, அந்த மூன்று நிறமும் சேவலின் தலையில் இருக்கிற நிறம், ஒரு பொட்டளவு சிவப்பை மட்டும் இலைக்கு நடுவே கண்டு சுட்டவனும் இருக்கிறான் என்று வேட்டைப் பயிற்சி வகுப்பில் கூட இருந்த வால்டர் சொல்லியிருந்தான். கார்க் கண்ணாடியில் அவளுடைய பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒன்று. அவள் அதை எண்ணுவதில்லை.

ஓடைத் தவளைகள் கத்தி ஓய்ந்துகொண்டிருந்தன. குளிர் மண்ணிலிருந்து கால்சட்டைக்குள் ஏறி இடுப்புவரை வந்து அங்கே நின்றது, வீட்டுக்குள் வரலாமா என்று கேட்டு நிற்கும் ஆள்போல. அவள் அசையவில்லை. அசையாமல் இருப்பது அவளுக்குக் கைவந்தது. கோழி வெட்டும் ஆலையில் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பவள், பதினேழு வருடமாக, கைகள் மட்டும் ஓடும். கோழிக்கால் பகுதி. மேலே எங்கோ கோழிகள் கோழிகளாக இருக்கும், அவளிடம் வரும்போது கால்கள் மட்டும்தான், தோல் உரித்த மஞ்சள் கால்கள், பெரிது ஒரு பெட்டி, சின்னது ஒரு பெட்டி, நகம் உடைந்தது வேறு. கடல் தாண்டிப் போய் யாரோ சூப் வைப்பார்கள். காலை வைத்தே அவளுக்குச் சொல்லத் தெரியும், இது கொழுத்த பறவை, இது நொண்டியது, இது மற்றவற்றை மிதித்தது, இது மிதிபட்டது. ஆனால் ஒன்றின் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. இராசநாயகம், அவளுடைய மனிசன், முதல் வருடம் அவள் துப்பாக்கி வாங்கியபோது கட்டிலில் படுத்துச் சிரித்தார்: "ஆலையில காணாத கோழியையோ காட்டில காணப்போறாய்?" ஆமாம், அதைத்தான் காணப் போனாள். அவருக்கு விளங்காது, விளங்கப்படுத்தவும் அவளுக்கு முடியவில்லை. ஆலைக்கு வரும் கோழிக்கு மாட்டேன் என்று சொல்ல இடமில்லை. இங்கே இருக்கிறது. கூப்பிடுவேன், வர வேண்டுமென்றால் வா, சந்தேகமென்றால் போ. ஆண் மட்டும்தான். நெஞ்சில் தாடி முளைத்த பெட்டை சில உண்டு, அதையும் சுடலாமென்று அரசாங்கம் சொல்கிறது, அரசாங்கம் சொல்லட்டும், அவள் சுட மாட்டாள். கிளையில் உறங்குவதைச் சுடுவதில்லை. முதுகு காட்டிப் போவதைச் சுடுவதில்லை. முப்பது அடி வைப்புக்கு அப்பால் சுடுவதில்லை. மூன்று தரத்துக்கு மேல் கூப்பிடுவதில்லை, நாலாம் தரம் கூப்பிட்டால் அது கெஞ்சல். வெள்ளிக்கிழமை வருவதேயில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, எவ்வளவு கிட்ட நின்றாலும், எவ்வளவு வடிவாகத் தெரிந்தாலும், பறவையின் இரண்டு காலையும் பார்க்காமல் விசையில் விரல் வைப்பதில்லை. பாதுகாப்புப் பொத்தானைக்கூடத் தள்ளுவதில்லை. கால் தெரியட்டும். மற்றவர்கள் தலையைப் பார்ப்பார்கள், தாடியைப் பார்ப்பார்கள். தலையும் தாடியும் பொய் சொல்லும், கால் சொல்லாது. இதைக் கிருபா தன் நண்பர்களுக்குச் சொல்லிச் சிரிப்பான், "எங்கட அக்கா வான்கோழியின்ர சப்பாத்து அளவு கேட்டுத்தான் சுடுவா." சிரிக்கட்டும். ஆறு வருடத்தில் நாலு பறவை, ஒவ்வொன்றும் ஒரே குண்டில். தான் இந்தக் காட்டில் யாருக்கும் தீங்கு செய்யாதவள் என்று நினைக்கும்போது அவளுக்குள் கொஞ்சம் பெருமை பொங்கத்தான் செய்தது, அதை அவள் அடக்கவுமில்லை.

அப்போது சேவல் கத்தியது. மேட்டுக்கு அந்தப் பக்கம், பீச் மரம் இருந்த பக்கம், உயரத்திலிருந்து. குடத்துக்குள் கூழாங்கல் உருள்கிறமாதிரி ஒரு சத்தம், இருட்டின் அடிவரை உருண்டுபோய் நின்றது. எத்தனை வருடம் கேட்டாலும் அந்தச் சத்தத்துக்கு அவளுடைய கைமயிர் எழும்பும். பீச் மரத்தடியிலேயே இருந்திருக்கலாம். மரம் விழுந்தால் என்ன, விழுந்த மரத்தில் சாய்ந்து இருந்திருக்கலாம், எதற்காக எழும்பி வந்தாள், இதோ இங்கே, கிருபாவுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில். சரி. வந்தாயிற்று. மடியிலிருந்த சிரட்டையை எடுத்தாள். இது புதுச் சிரட்டை, பனிக்காலம் முழுக்க இருந்து செய்தது. சிரட்டையின் வாயில் ஒரு கற்பலகை வட்டம், அதன்மேல் குச்சியால் தேய்த்தால் பெட்டைக் கோழியின் குரல் வரும்; கடையில் பிளாஸ்டிக்கில் விற்கிறார்கள், அவளுக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை, அதில் பசியில்லை. பழைய சிரட்டை தடித்தது, தொண்டை கட்டியவள்போல் கத்தும், கிருபா அதைக் கேட்டாலே "கிழவி கூப்பிடுறா" என்பான். இதை அவள் வெளியே நார் போகச் சுரண்டி, உள்ளே கண்ணாடித் துண்டால் சுரண்டி, வெளிச்சத்துக்குப் பிடித்தால் சிவந்து தெரியும் அளவுக்கு மெல்லிதாக்கியிருந்தாள். யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. முதலில் காடு கேட்கட்டும் என்று இருந்தாள், பிறகு இவன் கேட்டு வாயடைத்துப்போகட்டும் என்று. குச்சியை வைத்தாள். ஐந்து தேய்ப்பு, கடைசியைக் கொஞ்சம் இழுத்து. அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. பக்கத்துப் பற்றைக்குள் ஒரு பெட்டை உண்மையிலேயே நின்று கூப்பிட்டது போலிருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் சேவல் உடனே பதில் சொல்லியது. இரண்டாம் தரம் கூப்பிட்டாள். பதில். பொய்தான், கிருபா சொன்னது சரி, இது சுத்தப் பொய், நான் பெட்டை இல்லை, உனக்காகக் காத்திருக்கவும் இல்லை, என் மடியில் இருப்பது துவக்கு. ஆனால் இருந்த இடத்தில் இருந்து சொல்கிற பொய். வருவதும் வராததும் உன் பாடு. தேடிப் போய் உன் முன்னால் நின்று சொல்கிற பொய் வேறு. ஆ, இதுதான் பதில், இதைத்தான் காரில் சொல்லியிருக்க வேண்டும். இருந்து சொல்கிற பொய், நடந்து போய்ச் சொல்கிற பொய். கிருபாவிடம் சொன்னால் அதற்கும் ஒரு நூலைக் கண்டுபிடிப்பான்.

வெளிச்சம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாதபடி, முதலில் தரையில் கிடந்த மூன்றிதழ் வெள்ளைப் பூக்களில் வந்து தங்கி, பிறகு மரங்களின் ஒரு பக்கத்தில் ஏறியது. சேவல் கீழே இறங்கியிருக்க வேண்டும், கத்தவில்லை. இறங்கி ஏதாவது உண்மைப் பெட்டையைக் கண்டு அதோடு போயிருக்கலாம். அல்லது சத்தமில்லாமல் வந்துகொண்டிருக்கலாம். தெரியாமலிருப்பதுதான் இதில் இனிப்பு. மூன்றாம் தரம் கூப்பிட்டாள், இந்த முறை மெல்ல, தனக்குத்தானே கொஞ்சுகிறமாதிரி, பிறகு சிரட்டையைக் கவிழ்த்து வைத்தாள். இனிச் சும்மா இருப்பதுதான். முகவலையின் ஓட்டைகளுக்கூடாகக் காடு சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தது. ஒரு கட்டத்தில் காட்டுப் பூண்டின் பச்சை. ஒரு கட்டத்தில் ஓர் அணில். கண் இமை கனத்தது, மூடவில்லை, மூடாமலே எங்கோ போனது. அசையாதே என்று யார் சொன்னது? அது வேறு ஒரு காலை, ஊரில், சண்டை நடந்த நாளில். வெட்டிய பதுங்குகுழிக்கு மேல் பனங்குற்றிகளைப் போட்டு அதற்கும் மேலே மண் மூட்டை. ஒன்பது மணி நேரம். அவளுக்குப் பத்தொன்பது வயது, கிருபாவுக்குப் பத்து. அவனுக்கு அசையாமல் இருக்க வராது. ஷெல் விழுந்து சத்தம் அடங்கும் ஒவ்வொரு முறையும் அவன் வெளியே ஓடப் பார்த்தான், நாய்க்குட்டி வெளியே கட்டிக் கிடக்கிறது என்று. அவள் அவனுடைய கணுக்காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். இரண்டு கையாலும். கடைசியில் வெளியே வந்து பார்த்தால் காலில் அவளுடைய பத்து விரலும் நீலமாகப் பதிந்திருந்தது, அவன் அதைப் பள்ளிக்கூடப் பெடியன்களுக்குக் காட்டிக்கொண்டு திரிந்தான், ஷெல் பட்ட காயமென்று. பிறகு அவள் முதலில் இந்த நாட்டுக்கு வந்தாள், பிறகு அவனையும் இங்கே எடுப்பித்தாள், பிறகு அவனுக்குக் கலியாணம், பிள்ளை, வீடு, இருந்தும் அவன் தெருவைக் கடந்தால் அவளுடைய கை தன்பாட்டில் நீளும். நாய்க்குட்டிக்கு என்ன நடந்தது? அதை இருவரும் இதுவரை பேசியதில்லை. இப்போது அவன் வயல் ஓரத்தில் இருப்பான், மேற்கே, பழைய கல் வேலிக்குப் பக்கத்தில், அசையாமல் இருக்க வராதவன். அவனுக்கு அக்கா கிழக்கே இருக்கிறாள். மேட்டுக்கு அந்தப் பக்கம். எவ்வளவு பாதுகாப்பாக அங்கே இருக்கிறாள். அந்தத் தவமலரை நினைத்து இந்தத் தவமலருக்குப் பொறாமையாக இருந்தது.

விசிறி விரிந்தது. அவள் அதைக் கண்டது கண்ணாலா, முதுகுத் தண்டாலா தெரியாது, வயலும் காடும் சேருகிற இடத்தில், முள்ளுப் பற்றைக்குக் கீழே, கபிலமும் வெண்கலமும் நுனியில் ஒரு வெளிர் வளையமுமாக, முழு வட்டம். இருபத்தைந்து அடி வைப்பு. அதற்குக் கூட இல்லை. வந்துவிட்டான் ராசா. சத்தமில்லாமல் வந்துவிட்டான், என்னுடைய சிரட்டைக்கு. துப்பாக்கி தோளில் இருந்தது, எப்போது ஏற்றினாள், ஏற்றியிருக்கிறாள், கன்னம் கட்டையில் பதிந்து குளிர்ந்தது. விசிறி கொஞ்சம் சரிந்து சூரியனைப் பிடித்தது, இறகுகளில் எண்ணெய் ஓடினது போல ஒரு மினுக்கம். பெரிய சேவல். நாலு வயதாவது இருக்கும், வாலைப் பார்த்தால் தெரிகிறதே. தலை பற்றைக்குப் பின்னால். இன்னும் ஓர் எட்டு வை. வை ராசா. ஒரு சிவப்புத் துணுக்கு அசைந்து மறைந்தது, அதுதான் தலை, அதுதான், வேறென்ன சிவப்பு இருக்கிறது காட்டில், இந்த நேரத்தில், நான் பொட்டைக்கூட எடுத்துவிட்டுத்தானே வந்தேன். கால்? கால் தெரியட்டும். விசிறிக்குக் கீழே புல். புல்லுக்குக் கீழே நிழல். கால் இல்லை. பற்றை மறைக்கிறது. இந்தத் தூரத்தில் இதைவிட என்ன தெளிவு வேண்டும், வால் இருக்கிறது, சிவப்பு இருக்கிறது, என் கூப்பிட்டுக்கு வந்திருக்கிறது, மூன்று முறை கூப்பிட்டேன், மூன்றுக்குள் வந்திருக்கிறது, எல்லாம் சட்டப்படி. வால்டர் என்றால் இந்நேரம் சுட்டிருப்பான். கிருபா என்றால் எப்போதோ. ஒரே ஒரு தரம் காலைப் பார்க்காமல் விட்டால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள், நாளைக்குத் திங்கள் செவ்வாய் என்று வந்துவிடும், ஆலை, மஞ்சள் கால்கள், பெட்டி, பெட்டி, பெட்டி, முகமில்லாமல். இதற்கு முகம் இருக்கிறது. இருக்க வேண்டும். விசிறி முன்னே வந்தது. நடந்து வரவில்லை. வழுக்கி வந்தது. சேவல் காலை எடுத்துவைக்கும்போது உடம்பு ஓர் ஆட்டம் ஆடும், இது ஆடவில்லை, ஓர் இழுப்பு, ஒரு நிறுத்தம், ஓர் இழுப்பு. நோயாளியா? அடிபட்டதா? அடிபட்டதென்றால் சுடுவதுதான் இரக்கம். பிறகு விசிறிக்குக் கீழே அல்ல, மேலே, பின்னால், இருக்கக்கூடாத இடத்தில், ஒரு கால் எழும்பி அடங்கியது. கபிலச் சப்பாத்து. மஞ்சள் நாடா. தைமாதம் மலிவு விற்பனையில் அவள் வரிசையில் நின்று வாங்கிக் கொடுத்த சப்பாத்து, பத்தரை அளவு, அவனுக்கு வலது கால் கொஞ்சம் அகலம்.

அவள் துப்பாக்கியை இறக்கவில்லை. இறக்கினால் அசைவு, அசைவைக் கண்டால் அவன் சுடுவானோ, அவனிடமும் துவக்கு இருக்கிறது, அவன் தேடி வருவது பெட்டைக்குப் பக்கத்தில் நிற்கிற சேவலை, அந்தப் பெட்டை நான். கையைக் காட்டக்கூடாது, சீழ்க்கை அடிக்கக்கூடாது, பறவைச் சத்தம் எதுவும் செய்யக்கூடாது. மனிதக் குரலில் உரத்துப் பேசு என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எவ்வளவு இலகுவான சட்டம். வாயைத் திறந்தாள். வாய்க்குள் ஒன்றுமில்லை. எந்த மொழியில் கூப்பிடுவது என்றுகூட அந்தக் கணத்தில் தடுமாறியது மனம். விசிறி மறுபடி ஒரு இழுப்பு வந்தது. அந்த விசிறியின் வெளிர் வளையத்தையும் அதன் நடுவே எங்கோ இருக்கிற தம்பியின் நெற்றியையும் குழல் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தது. துப்பாக்கி அவளுடையதில்லை போலிருந்தது, யாரோ அவளுடைய தோளில் வைத்துவிட்டுப் போனதுபோல. பிறகு குரல் வந்தது. அவளுடைய ஐம்பது வயதுக் குரலில்லை, குழிக்குள்ளிருந்து வந்த குரல்.

"டேய் கிருபா! அசையாத! அக்காடா!"

காடு முழுக்க அது அடித்துத் திரும்பியது. எங்கோ சிறகுகள் படபடவென்று எழும்பின. விசிறி அந்தரத்தில் நின்றது, பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து புல்லில் விழுந்தது, அதற்குப் பின்னால் சேறு அப்பிய ஒரு முகம், நாற்பத்தொரு வயது, வாய் பிளந்தபடி. தலையில் சிவப்புத் தொப்பி இல்லை, சிவப்புச் சட்டை இல்லை. வலது மணிக்கட்டில் கோயிலில் கட்டின சிவப்பு நூல். அதுதான் அந்தத் துணுக்கு. அதுதான் தலை.

"அக்காவோ? நீங்கள் இங்க என்ன செய்யிறியள்? பீச் மரத்தடியில எண்டெல்லோ சொன்னியள்?"

"மரம் விழுந்து போச்சு."

"சொல்லியிருக்கலாம்தானே!"

"சொல்லியிருக்கலாம்," என்றாள் தவமலர். அதைவிட உண்மையான சொல் அன்று காலையில் அவள் வாயிலிருந்து வரவில்லை. "துவக்கைக் கீழ வை. முதல்ல அதைக் கீழ வை."

வைத்தான். எழும்பி, முழங்கால் சேற்றைத் தட்டிக்கொண்டு வந்தான், வெட்கத்தில் சிரித்துக்கொண்டு. அவளுக்கு முன்னால் நின்று மடியிலிருந்த சிரட்டையைக் கண்டான். "இதுவோ கூப்பிட்டது? சத்தியமா அசல் பெட்டை எண்டு நினைச்சன் அக்கா. உங்கட சிரட்டை எண்டா எனக்குத் தெரியாதோ? சேவலும் கத்திச்சுது, பெட்டையும் கத்திச்சுது, ரெண்டும் இங்கதான் நிக்குது எண்டு…" மூச்சு வாங்கினான். "நல்ல காலம் நீங்களாப் போனியள். வேற ஆரும் எண்டா போட்டிருப்பாங்கள். உங்களிட்ட எனக்குப் பயமில்லை. காலைப் பாக்காமல் நீங்கள் பொத்தானைக்கூடத் தள்ள மாட்டியளே."

அவன் சொன்னதும்தான் அவள் குனிந்து பார்த்தாள். விசைக்குப் பின்னால், பாதுகாப்புப் பொத்தானைச் சுற்றி, தள்ளினால் மட்டும் தெரிகிற மெல்லிய சிவப்பு வளையம். தள்ளியிருந்தது. எப்போது? விசிறி சூரியனைப் பிடித்தபோதா, சிவப்புத் துணுக்கு அசைந்தபோதா, அது நோயாளி, சுடுவதுதான் இரக்கம் என்று நினைத்தபோதா? கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருந்த விரல் அவளைக் கேட்காமலே வேலையை முடித்து வைத்திருந்தது. ஆறு வருடமாகத் தன்னைக் காத்தது, தம்பியைக் காத்தது தன் சட்டம் என்று நம்பிக்கொண்டிருந்தவளுக்கு, அந்தச் சட்டத்தில் இன்னும் மிச்சமிருந்தது ஒரு விசையின் கனம்தான் என்று தெரிந்தது. அவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். சொல்லாமல் விடலாம். பொத்தானைத் திருப்பித் தள்ளிவிட்டால் முடிந்தது, அவனுக்கு அவள் என்றைக்கும் காலைப் பார்த்துச் சுடுகிற அக்காவாகவே இருப்பாள், அவனும் நிம்மதியாக நித்திரை கொள்வான். இருந்த இடத்தில் இருந்து சொல்கிற பொய்.

"இஞ்ச வா," என்றாள். குழலை மண்ணுக்குத் திருப்பிப் பிடித்து, அந்த வளையத்தைக் காட்டினாள். "பார்."

பார்த்தான். விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் சிரிப்பு முகத்திலேயே நின்று, பிறகு இல்லாமல் போனது.

"எப்ப தள்ளினன் எண்டு எனக்குத் தெரியாதடா. சத்தியமாத் தெரியாது."

அவன் அவளுக்குப் பக்கத்தில் ஈர இலைகளின் மேல் உட்கார்ந்தான். கறுப்பு ஈ ஒன்று அவளுடைய முகவலைக்குள் புகுந்து சுற்றியது, அதை அவள் விரட்டவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு பார்த்தால், அவளுடைய கை அவனுடைய கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது, சப்பாத்துக்கு மேலால், இறுக்கி. அதுவும் அவளைக் கேட்கவில்லை. அவன் காலை இழுக்கவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம், விழுந்த பீச் மரம் கிடக்கும் இடத்திலிருந்து, சேவல் ஒருமுறை கத்தியது. அவளுக்குக் கைமயிர் எழும்பவில்லை.

அவள் இரண்டு துப்பாக்கியிலிருந்தும் தோட்டாக்களைக் கழற்றித் தன் பைக்குள் போட்டாள். சிரட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, அதையும் போட்டாள். விசிறியை அவன் எடுக்கவில்லை, அவளும் எடுக்கச் சொல்லவில்லை. எழும்பும்போது இடுப்பு பிடித்தது.

"நீ முன்னால நட. கதைச்சுக்கொண்டு நட. உரத்து."

"என்னத்தைக் கதைக்க?"

"என்னவெண்டாலும். மனிசக் குரலா இருந்தாச் சரி."

அவன் நடந்தான். முதலில் தொண்டையைச் செருமினான். பிறகு மகளுக்குக் கணக்கு ஓடுதில்லை என்றான், புது ரீச்சர் சரியில்லையாம் என்றான், வீட்டுக் கூரையில் ஐஸ் உருகி ஒழுகினதைச் சொன்னான், மனிசியின் தாய்க்குக் கண் ஒப்பரேசன், குடும்ப வைத்தியர் லீவில் நிற்கிறார், பழைய காரை விற்கலாமோ வைத்திருக்கலாமோ. காடு அவர்களுக்கு முன்னாலேயே காலியாகிக்கொண்டு போனது. இறகு ஒன்றுகூட அசையவில்லை. அவள் அவனுடைய மஞ்சள் நாடாக்களைப் பார்த்தபடி பின்னால் நடந்தாள், இடது, வலது, வலது கொஞ்சம் அகலம், இடது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கல் வேலி திரும்பும் இடத்தில் பாதை குறுகி, செடிகள் இரண்டு பக்கமும் மூட, அவன் முன்னே மறைந்தான். பேச்சும் நின்றது.

"கிருபா," என்றாள்.

பற்றைக்கு அந்தப் பக்கம் இலை மட்டும் ஆடியது.

"கதையடா," என்றாள் தவமலர், நின்ற இடத்திலேயே நின்று. "நிப்பாட்டாதை. கதை."

"அந்த நாய்க்குட்டி…" என்றது பற்றைக்கு அந்தப் பக்கமிருந்து குரல்.